பதுளையிலிருந்து பார்த்த சோம்நாத் ஹோர்

சில ஆண்டுகளுக்கு முன் பதுளைக்குப் போயிருந்தபோது என் பையில் வங்காளச் சிற்பி சோம்நாத் ஹோரின் படைப்புகள் அடங்கிய புத்தகம் ஒன்று இருந்தது. புகையிரதத்தில் புரட்டுவதற்காக எடுத்துச் சென்றது. மறுநாள் நகரத்துக்கு மேலேயுள்ள தோட்டம் ஒன்றில் பழைய நண்பர் ஒருவரின் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வீடு என்றால் லயத்தின் கடைசிக் காம்பரா. நண்பரின் தாயார் நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர், எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் அவர் புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டத் தொடங்கினார். ஒரு பக்கத்தில் கை நின்றது.

வெண்கலத்தில் வார்த்த குந்தியிருக்கும் உருவம் அது. முதுகு வில்லாக வளைந்திருக்கும். விலா எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் கீறல்கள். கைகால்கள் சுள்ளி போல. முகம் என்று சொல்ல அதிகம் ஒன்றும் இல்லை. நகரத்துக் கலைக்கூடங்களில் இதன் முன் நிற்பவர்கள் "உருவத்தைச் சிதைத்திருக்கிறார்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நானே எழுதியும் இருக்கிறேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இது யாரு தம்பி? எங்க அப்பாயி குந்திக்கிட்டு இருக்க மாதிரியே இருக்கு."

அவருக்கு அங்கே சிதைவு எதுவும் தெரியவில்லை. யாரோ ஒரு கிழவி குந்தியிருக்கிறாள், அவ்வளவுதான். அன்று முதல் ஹோரின் சிற்பங்களை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. இதை எழுதவேண்டும் என்று பலமுறை நினைத்து இப்போதுதான் எழுதுகிறேன்.

சோம்நாத் ஹோர் 1921இல் சிட்டகாங் மாவட்டத்தில் பிறந்தவர். அது இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. 1942 இறுதியில் ஜப்பானிய விமானங்கள் அவருடைய பிரதேசத்தில் குண்டு வீசின. அடுத்த ஆண்டு வங்காளப் பஞ்சம் வந்தது. ஏறக்குறைய 30 லட்சம் பேர் மாண்டனர் என்பது பரவலாக ஏற்கப்படும் கணக்கு. விளைச்சல் பொய்த்ததால் மட்டும் வந்த பஞ்சமல்ல அது. போர்க்காலக் கொள்கைகளும், பதுக்கலும், ஏறிக்கொண்டே போன அரிசி விலையும் சேர்ந்து உண்டாக்கிய பஞ்சம். இளைஞர் ஹோர் கம்யூனிஸ்ட் கட்சியோடு சேர்ந்து சுவரொட்டி எழுதிக்கொண்டிருந்தார். அப்போது ஊர் ஊராகப் போய்ப் பஞ்சத்தைச் சித்திரமாகப் பதிவுசெய்து வந்த ஓவியர் சித்தப்பிரசாத் அவரையும் அந்த வேலைக்கு இழுத்தார். சாகக் கிடப்பவர் எதிரே உட்கார்ந்து கோடு போடுவதுதான் அவருக்கு முதல் பாடம். கல்கத்தா அரசுக் கலைக் கல்லூரியில் சேர்ந்தது அதற்குப் பிறகே. பஞ்சத்தை வரைந்து புகழ்பெற்ற ஜைனுல் ஆபிதீன் அங்கே அவருக்கு ஆசிரியராக அமைந்தார்.

1946 டிசெம்பரில் கட்சி அவரை வட வங்காளத்து ரங்பூருக்கு அனுப்பியது. விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு எங்களுக்கு வேண்டும் என்று குத்தகை விவசாயிகள் எழுந்த தேபாகா போராட்டம் அங்கே நடந்துகொண்டிருந்தது. ஹோர் அவர்களோடு தங்கி நாட்குறிப்பு எழுதினார், வரைந்தார். அந்த நாட்குறிப்பு பின்னாளில் நூலாக வந்து பலராலும் அறியப்பட்டது. அதிகம் பேசப்படாத இன்னொரு குறிப்பேடும் உண்டு. 1947இல் அவர் டூவார்ஸ் பகுதித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய் எழுதியது அது.

மலையகத் தமிழர் எவருக்கும் டூவார்ஸ் கதையை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை; பெயர்களை மாற்றிக்கொண்டால் போதும். இமயத்தின் அடிவாரம். சோட்டா நாக்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒராவோன், முண்டா, சந்தால் மக்கள். நம் பக்கம் கங்காணி ஆள் கட்டியதைப்போல அங்கே சர்தார் ஆள் கட்டினான். மற்றபடி அதே கடன், அதே துரை பங்களா, அதே வரிசைக் குடியிருப்பு. இந்தியாவின் பெரும் சிற்பிகளில் ஒருவராக உயர்ந்த மனிதர் தம் இருபத்தாறாவது வயதில் தேயிலைத் தோட்டத்துக் குடிசையில் உட்கார்ந்து கொழுந்து பறிப்பவர்களை வரைந்திருக்கிறார். இந்தச் செய்தி நம்மில் பலருக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பது எனக்கு ஒரு குறை.

அதே காலத்தில் ஊவாவில் என்ன நடந்துகொண்டிருந்தது? ஏழு வருடம் பின்னால் போகிறேன். 1940ஆம் ஆண்டு ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் அலை அலையாகப் பரவியது. அதன் உச்சம் பதுளைக்குப் பக்கத்திலுள்ள வேவெஸ்ஸ தோட்டம். மே மாதம். சமசமாஜக் கட்சியினரின் தொழிற்சங்கம் அங்கே வேரூன்றியிருந்தது. தொழிலாளர் தமக்கென ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்ததாகவும், குழுவைக் கலந்துகொண்டே நிர்வாகம் நடத்தத் துரை இணங்கியதாகவும், அடக்க வந்த பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்ததாகவும் அந்தக் கட்சியின் வரலாறு சொல்கிறது. பிறகு அடக்குமுறை வந்தது. அடுத்த மாதமே என். எம். பெரேரா உள்ளிட்ட தலைவர்கள் சிறைப்பட்டனர்.

தோட்டத் தொழிலாளி துரைக்கு முன்னால் தலை நிமிர்ந்த நாட்கள் அவை. அந்த நிமிர்வை யாராவது வரைந்தார்களா? அங்கு எடுக்கப்பட்ட ஒரு சித்திரத்தைக்கூட நான் கண்டதில்லை. ரங்பூரில் ஒரு ஹோர் இருந்தார். வேவெஸ்ஸவுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. அந்தப் போராட்டம் இன்று கட்சி வரலாறுகளில் சில பத்திகளாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதில் நின்றவர்களின் முகம் ஒன்றும் நம்மிடம் இல்லை.

படமே இல்லை என்று சொல்லவும் முடியாது. உலகத்தில் அதிகம் படமெடுக்கப்பட்ட உழைப்பாளிகளில் இலங்கைக் கொழுந்து பறிக்கும் பெண்ணும் ஒருத்தி. தேயிலை வருவதற்கு முந்திய கோப்பிக் காலத்திலேயே இது தொடங்கிவிட்டது. டென்னிசன், டார்வின் போன்றோரைப் படமெடுத்துப் பேர்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரோன் 1875இல் இலங்கைக்கு வந்தார்; கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் இங்கேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். அவர் தம் கமராவுக்கு முன் நிறுத்திய தமிழ்த் தொழிலாளர் படங்கள் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அழகான படங்கள்தான். லண்டன் கவிஞர்களுக்கு விழுந்த அதே மங்கிய ஒளி இவர்கள் மேலும் விழுகிறது. ஆனால் கவிஞர்களின் படத்துக்குக் கீழே பெயர் உண்டு. இவர்களில் பலர் 'குடியானவர் குழு' என்ற மாதிரித் தலைப்புக்குள் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

கோப்பியை அழித்த இலை நோய் 1869இல் முதலில் கண்டறியப்பட்டது பதுளை மாவட்டத்து மடுல்சீமையில்தான். கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் தம்பதென்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கூசாவுக்கு என்பது அவருடைய விளம்பரத்தின் சாரம். அந்த விளம்பரங்களிலும் தேயிலைப் பெட்டிகளிலும் தலையில் துணி போட்டு முதுகில் கூடை மாட்டிய பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் இன்றுவரை இறங்கவில்லை. தபால் அட்டையிலும் நாட்காட்டியிலும் விமானக் கம்பனிச் சுவரொட்டியிலும் அவளே நிற்கிறாள். முதுகு எப்போதும் நேர்.

நான் சொன்ன காம்பராவிலும் அப்படி ஒரு நாட்காட்டி தொங்கியது. சிற்பப் புத்தகத்தை மூடிவிட்டு அம்மா அதைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னார். "அவ கொழுந்து எடுக்கிறவ இல்ல தம்பி. கூடைக் கயித்தைப் பாருங்க, தொங்குது." உண்மைதான். கொழுந்து நிறைந்த கூடையின் கயிறு உச்சந்தலையில் விறைத்து நிற்கும். கழுத்து முன்னே தள்ளும். இடுப்பு அதற்கு ஈடுகொடுத்து வளையும். படத்துப் பெண்ணுக்குக் கயிறு மாலையைப்போலக் கிடந்தது. ஐம்பது வருடம் பத்திரிகையில் படங்களைத் தெரிவு செய்த எனக்கு இது கண்ணில் பட்டதில்லை.

உடல் எப்படி வளைகிறது என்பது இங்கே அரசியலும் பொருளாதாரமும் சேர்ந்த கேள்வி. காலையில் பெரட்டு. பிறகு மலை ஏற்றம். அட்டைக்கும் முள்ளுக்கும் பயந்து இடுப்பில் சுற்றிய படங்கு. சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. குறித்த நிறை வராவிட்டால் அரைப்பேர். ஆணுக்குக் கவ்வாத்துக் கத்தி, குனிந்தே வெட்டவேண்டும். இரவில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுதும் கால் மடக்கிப் படுக்கவேண்டும். இப்படி நான்கு தலைமுறை. 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 மனிதர்கள் கணக்குப் பார்க்கப்பட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. மூட்டை எண்ணுவதைப்போல.

பின்னர் 1973, 74. அந்த ஆண்டுகளில் மலையகத்தில் வேலை செய்த எந்த நிருபரும் மறக்கமாட்டார். உலகச் சந்தையில் உணவு விலை ஏறியது, அரிசியும் மாவும் தட்டுப்பட்டன, தோட்டங்களில் வேலை நாள் குறைந்தது. தோட்டத்தானுக்குக் கொத்திச் சாப்பிடச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடையாது. லயங்களை விட்டு நகரங்களுக்கு இறங்கிக் கையேந்தினார்கள். பட்டினியாலும் பட்டினியோடு வந்த நோயாலும் மாண்டார்கள். தோட்டப் பகுதிகளின் இறப்பு வீதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட வெகுவாக உயர்ந்தது என்பது அரசாங்கப் புள்ளிவிவரங்களிலேயே பதிவானது.

அதே 1974இல்தான், சாந்திநிகேதனின் கலாபவனத்தில் அச்சுக்கலை கற்பித்துக்கொண்டிருந்த ஹோர் முதன்முறையாக வெண்கலத்தைக் கையில் எடுத்தார். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை; தற்செயல். அவர் மனத்திலிருந்தது முப்பது வருடத்துக்கு முந்திய தம் பஞ்சம். ஆனாலும் இந்த இரண்டு செய்திகளையும் என்னால் தனித்தனியாக வைத்துப் பார்க்க முடிவதில்லை.

அவர் வேலை செய்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வெண்கலத்துக்கு முன் 1971 முதல் அவர் 'காயங்கள்' என்ற தொடரைச் செய்துகொண்டிருந்தார். வெள்ளைக் காகிதம், அதில் வேறு நிறமே இல்லை. களிமண் அல்லது மெழுகுத் தகட்டைக் கத்தியால் கீறி, குத்தி, சுட்டு, அதிலிருந்து சீமெந்து அச்சு எடுத்து, அச்சின் மேல் காகிதக் கூழை அழுத்திக் காயவைப்பார். உரித்தெடுத்தால் வெள்ளைத் தோலில் வெள்ளைத் தழும்புகள். தூரத்திலிருந்து பார்த்தால் வெற்றுத் தாள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் புண் தெரியும்.

வெண்கலத்திலும் அதே கைதான். களிமண்ணில் முழு உருவம் பிடித்து அச்செடுக்கும் வழக்கமான வழியை அவர் நாடவில்லை. மெழுகைத் தகடாக்கி, தகட்டை வெட்டி, மடித்து, சூடான கரண்டியால் ஒட்டி நேரடியாக உருவம் அமைத்தார். மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகம் நிறையும். ஒரே ஒரு வார்ப்புத்தான் கிடைக்கும். கிழிந்த ஓரத்தை அவர் தேய்த்து மெருகிடவில்லை. உலோகம் ஓடிய குழாய்களின் தடத்தைக்கூடச் சில இடங்களில் அப்படியே விட்டார். பெரும்பாலானவை சிறிய சிற்பங்கள். மேசை மேல் வைக்கலாம். வயிறு உள்ளே போன மனிதன், மடியில் எதையோ ஏந்திய தாய், வற்றிய ஆடு, எழ முடியாத நாய். உள்ளே திண்மம் இல்லை, வெறும் ஓடு. பட்டினியை ஒருவர் வடிவமாகவே கண்டுபிடித்தால் அது இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

அவருக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. அதே சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பேஜ் 1938இல் சீமெந்தும் செம்மண் கல்லும் குழைத்துச் 'சந்தால் குடும்பம்' செய்து திறந்த வெளியில் நிறுத்தியிருந்தார். தட்டுமுட்டுச் சாமானும் பிள்ளையும் நாயுமாக இடம்பெயரும் ஒரு கூலிக் குடும்பம். மன்னரையும் தெய்வத்தையும் மட்டும் சுமந்த பெரிய அளவைக் கூலிக்காரனுக்குக் கொடுத்தவர் ராம்கிங்கர். ஆனால் அவருடைய சந்தால்கள் வலுவான உடலோடு வீசி நடக்கிறார்கள். ஹோர் வலுவைக் கழற்றிவிட்டார்.

இலங்கையில் 1943இல் லயனல் வெண்ட் முன்னின்று உருவாக்கிய '43 குழு'வும் உருவத்தை வளைத்தது, உடைத்தது. ஜோர்ஜ் கீட், ஜஸ்டின் தெரணியகல போன்றோர் பெரிய கலைஞர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர்களுடைய வளைவுகள் பரிஸிலிருந்தும் சிகிரியாவிலிருந்தும் இந்தியக் காவியங்களிலிருந்தும் வந்தன. கூடைக் கயிற்றின் வளைவு அங்கே இல்லை. பிறகு 1990களில் ஜகத் வீரசிங்கவும் அவர் தலைமுறையினரும் தெற்கின் வன்முறையைக் காயம்பட்ட உடலாக வரைந்தபோதும் மலைநாட்டு உடல் ஓரத்திலேயே நின்றது. குறை சொல்வதற்காக எழுதவில்லை. அவரவர் கண்டதை அவரவர் வரைந்தார்கள்.

தோட்டத்து மக்களிடம் உருவம் படைக்கும் மரபே இல்லையா என்று ஒரு கொழும்பு நண்பர் கேட்டார். ஊவாவிலேயே, வெல்லவாய அருகே புதுருவகலையில் பாறையில் செதுக்கிய ஏழு உருவங்கள் இருக்கின்றன. நடுவிலுள்ள புத்தர் ஏறக்குறைய 51 அடி. அதன் முன் நிற்கையில் அவர் கேள்வி எழுந்தது. அளவு பிசகாத, அமைதியான உடல்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் அப்படிச் செதுக்க ஓர் அரசும், கல்லுக்குச் சொந்தமான ஊரும், நேரமும் இருந்தன. தோட்டத்தான் அட்டைக்கும் துரைக்கும் நடுவில் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு முனியாண்டி என்றான். தேயிலை ஸ்டோரின் சுழலும் சக்கரத்தைக் கண்டு பயந்து அதற்குள்ளும் ஒரு சாமியைக் கண்டு ரோதமுனி என்று பெயரிட்டான். கவ்வாத்துக் கத்திக்குக் கவ்வாத்துசாமி. கற்பனைக்குக் குறைவில்லை. கல்லைச் செதுக்கக் காலமும் காணியும்தான் இல்லை.

அந்த நிலை மெல்ல மாறி வருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத்துறைக்கு மலையகப் பிள்ளைகள் போகத் தொடங்கினார்கள். போர் தின்ற உடலையும் வீட்டையும் தம் படைப்புகளில் தொடர்ந்து விசாரித்த தா. சனாதனன் அங்கே ஆசிரியர். அங்கு பயின்ற ஹனுஷா சோமசுந்தரத்தின் படைப்புகளைப் பார்த்தபோது நான் சற்று நேரம் பேசாமல் நின்றேன். தேயிலைச் சாயமும் தேயிலைப் பையும் தேநீர் வடியும்தான் அவருக்குத் துணியும் வண்ணமும். ஹோர் தேயிலைத் தோட்டத்துக்கு வெளியிலிருந்து போனவர்; எவ்வளவு அன்போடு போனாலும் திரும்பி வர அவருக்கு ஒரு கல்கத்தா இருந்தது. ஹனுஷாவுக்கு லயம் பிறந்த மண்ணின் கதை. தொழிலாளியின் முதுகை அவர் வெண்கலத்தில் வளைக்கவேண்டியதில்லை. நாம் தினம் குடித்துவிட்டு எறியும் சக்கையையே எடுத்து நம் முன் நீட்டுகிறார். இரண்டையும் ஒப்பிட்டு மதிப்பெண் போட எனக்கு விருப்பமில்லை. ஆனால் வேவெஸ்ஸவில் இல்லாமற்போன அந்த ஆள் எண்பது வருடம் கழித்து மலைக்குள்ளிருந்தே வந்துகொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஹோரின் கதையில் சொல்லாமல் விட முடியாத ஒன்று உண்டு. 1977இல் வியட்நாம் மக்களின் நினைவாக அவர் தாயும் சேயுமாக ஒரு வெண்கலச் சிற்பம் செய்து முடித்தார். அவர் செய்தவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்று. முடித்த சில நாட்களிலேயே கலாபவனத்திலிருந்து அது திருட்டுப் போயிற்று. திரும்பக் கிடைக்கவில்லை. வெகு காலம் அவர் பெரிய சிற்பம் பக்கமே போகவில்லை என்பார்கள். 2006 ஒக்டோபர் முதலாம் திகதி காலமானார். அடுத்த ஆண்டு இந்திய அரசு பத்மபூஷண் விருதை அவர் பெயருக்கு அளித்தது.

அந்தப் புத்தகத்தைப் பதுளையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அம்மா கேட்கவில்லை, நண்பரின் மகள் கேட்டாள். பத்தாம் வகுப்பில் சித்திரம் ஒரு பாடமாம். இரவு புகையிரதத்தில் திரும்பும்போது படிக்க ஒன்றும் இல்லாமல், ஹாலிஎலவும் தெமோதரையும் தாண்டும்வரை இருட்டில் லயங்களின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.